ஏர் கூலர் முன்னால் இரண்டு கார்டுகள்

மே மாதத்தில் எங்கள் குவார்ட்டர்ஸில் ஏர் கூலர் காற்று இரண்டு பேருக்குத்தான். ஒருவர், நைட் ஷிஃப்ட் முடித்து வந்து பகலில் தூங்கும் என் வீட்டுக்காரர். இன்னொருவர், ஹால் மூலையில் உட்கார்ந்திருந்த என் மகனின் கம்ப்யூட்டர். கம்ப்யூட்டரைப் போய் ‘ஒருவர்’ என்கிறேனே என்று சிரிக்காதீர்கள். அந்த வீட்டில் அதற்கு இருந்த மரியாதை எனக்குக்கூட இருந்ததில்லை. அந்த மரியாதையைக் கொடுத்ததும் நான்தான்.

மகன் காலேஜ் இரண்டாம் வருஷ லீவில் வந்தபோது, அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக வாங்கி வந்து, ஹாலில் பாய் விரித்து, தானே அதைக் கோத்துப் பூட்டினான். விளையாடத்தான் பூட்டினான், அதை அவன் மறைக்கவில்லை. படத்தை வரைந்து திரைக்கு அனுப்புகிற கார்டு மற்ற கம்ப்யூட்டர்களில் ஒன்று இருந்தால் பெரிது. இதில் இரண்டு. ஒன்று அவன் அப்பா போனஸில் வந்தது. இன்னொன்று, வேலை கிடைத்து வெளிநாடு கிளம்பிய சீனியர் ஒருவன் கொடுத்துவிட்டுப் போனது. வடலூர் பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்த மாதிரி, ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கிக்கொண்டு இருக்கும் இரண்டும். கீழ்க் கார்டு விடும் சூட்டு மூச்சை மேல் கார்டு அப்படியே இழுத்துக்கொள்ளும். “மேல இருக்கறதுக்குத்தாம்மா எப்பவும் காய்ச்சல்” என்பான் மகன். எங்கள் மாடி வீட்டு அக்காவும் வெயில் காலத்தில் அதையேதான் சொல்வார்.

அவன் ஹாஸ்டலுக்குத் திரும்பும்போது கம்ப்யூட்டரை எடுத்துப்போக முடியவில்லை. ரூமுக்கு நாலு பேர், பிளக் ஒன்று. ஆகவே அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு வந்தது. எங்கள் ஊரில் தூசி என்று தனியாக ஒன்று கிடையாது, அனல்மின் நிலையத்துச் சாம்பல்தான். காலையில் ஜன்னல் கட்டையைத் துடைத்தால் சாயங்காலம் அதில் விரலால் கோலம் போடலாம். வெள்ளைப் புடவையை மொட்டை மாடியில் காயப்போடுகிறவளைப் பார்த்தால், ஊருக்குப் புதுசு போல என்று மாடி வீட்டு அக்கா கண்டுபிடித்துவிடுவார். அந்தச் சாம்பல் கார்டுகளின் தகட்டுச் சந்துகளுக்குள் போய் உட்கார்ந்தால் சூடு வெளியே வர வழியிருக்காது என்று மகன் பெட்டியின் பக்கவாட்டுக் கதவைக் கழற்றிக் காட்டிச் சொல்லிக்கொடுத்தான். முதலில் பிளக்கைப் பிடுங்கு. பெயின்ட் அடிக்கிற பிரஷ்ஷால் மெதுவாகத் தட்டு. ஊதும்போது குட்டி ஃபேனின் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள், இல்லாவிட்டால் அது பேய் பிடித்த மாதிரி சுற்றிக் கெட்டுப்போகும். கடைசியாக, ஈரத்துணி மட்டும் வேண்டவே வேண்டாம்.

நான் பத்தாவதோடு நின்றவள். சொல்லிக்கொடுத்ததை விடமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளிக்கிற மாதிரி வாராவாரம் அதற்குக் குளியல் நடந்தது. வீட்டுக்காரர் நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் பெல்ட் மராமத்தில் இருந்தார். எங்கே எது தேய்ந்தாலும் அவருக்குத்தான் கூப்பாடு வரும். அவர் தன் ஷிஃப்ட் ஆட்களிடம், எம் பொண்டாட்டி கம்ப்யூட்டர கழட்டி மாட்டுவா, நீங்க ஒரு ரோலர மாட்ட ரெண்டு பேரக் கூப்புடுறீங்க என்று பீற்றிக்கொண்டாராம். கடைத்தெருவில் பார்த்தவர்கள் என்னிடம் அதைச் சொல்லும்போது சந்தோஷமாக இருக்கவேண்டும் அல்லவா? எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஏனென்றால் அதற்குள் நான் லாரி ஓட்ட ஆரம்பித்திருந்தேன்.

அது விளையாட ஆசைப்பட்டு ஆரம்பித்தது அல்ல. சுத்தம் செய்து முடித்ததும் ஏதாவது ஒரு விளையாட்டைப் போட்டுவிட்டு, திரையின் மூலையில் தெரியும் சூட்டு அளவைப் பார்த்து எனக்கு ஃபோனில் சொல் என்று மகன் கேட்டிருந்தான். லாரி ஓட்டுகிற விளையாட்டு ஒன்றைப் போட்டேன். ஏதோ ஒரு வெளிநாடு, ரோடெல்லாம் பனி. லாரி நின்ற இடத்திலேயே நின்றது. சூடு ஏறவில்லை என்று சொன்னேன். நின்னுட்டிருந்தா எப்படிம்மா சூடாகும், ஓட்டணும், மேல் அம்புக்குறிய அழுத்து என்றான். அழுத்தினேன். நேராகப் போய் ஒரு மரத்தில் இடித்தேன்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த ஊரில் நான் போன தூரமெல்லாம் வீட்டுக்காரரின் வண்டியில், ஒருபக்கமாகக் கால்போட்டு, பக்கவாட்டில் மதில் சுவரைப் பார்த்துக்கொண்டு போனதுதான். ரோட்டை நேருக்கு நேராக நான் பார்த்தது அந்தத் திரையில்தான். பனி விழும், வைப்பர் ஆடும், எதிரில் வருகிற வண்டி லைட் அடிக்கும். வெளியே கத்திரி வெயிலில் தார் ரோடு இளகிக்கொண்டிருக்கும். வீட்டுக்காரர் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் போகிற வாரங்களில் அவர் விடியும் முன்னே போய் மத்தியானத்துக்கு மேல்தான் வருவார். சமையலை முடித்து, துணியைக் காயப்போட்டுவிட்டு உட்கார்ந்தேன் என்றால், அவர் வண்டிச் சத்தம் பிளாக் முனையில் கேட்கும் வரைக்கும் ஓடும். கேட்டதும் அணைத்துவிட்டு, கையில் பிரஷ்ஷை எடுத்துக்கொள்வேன். அவர் உள்ளே வந்து, இன்னா, தொடைச்சிக்கினே கெடக்கற, கொஞ்சம் படுக்கறது தானே என்பார். அந்தக் கரிசனத்தைக் கேட்கும்போது பிரஷ் கையில் கனக்கும்.

சத்தம் மாடிக்குக் கேட்டுவிட்டது. என்ன உறுமுது என்று அக்கா கேட்டதற்குத் தையல் டிசைன் பார்க்கிறேன் என்று வாயில் வந்ததைச் சொன்னேன். மறுநாளே பட்டு ஜாக்கெட் துணி ஒன்றைக் கொண்டுவந்து, கம்ப்யூட்டர்ல பார்த்ததுல நல்லதா ஒண்ணு வெச்சுத் தச்சுக் குடு என்று என் கையில் வைத்தார். என் தலையில் லாரிதான் இருந்தது. எதையோ யோசித்து, முதுகில் இரண்டு கோடு, நடுவே விட்டுவிட்டு ஒரு கோடு என்று பைப்பிங் வைத்துத் தைத்தேன். அதைக் கோவிலுக்குப் போட்டுப்போய், யார் கேட்டாலும் கீழ் வீட்டுப் பொண்ணு கம்ப்யூட்டர் பார்த்துத் தச்சது என்று சொல்லிக்கொண்டு வந்தார். ஒருநாள் கோவிலில் அக்காவுக்குப் பின்னால் நின்று கும்பிடும்போதுதான் எனக்கே தெரிந்தது, அது ரோட்டுக் கோடு.

மகன் கடைசி வருஷத்துக்குப் போனபோது தானே ஒரு சின்ன விளையாட்டு எழுதத் தொடங்கினான். மைன்ஸ் சரிவில் மண் ஏற்றும் டம்பர் லாரி ஓட்டுவது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக எழுதி அனுப்புவான். போட்டுப்பாரும்மா, எவ்வளவு சூடாகுதுன்னு மட்டும் சொல்லு என்பான். நான் சூட்டைச் சொல்லிவிட்டு, வாயைக் கட்ட முடியாமல், அந்த ரெண்டாவது மேட்டுல வண்டி பின்னால நழுவுதுடா என்றும் சொல்லிவிடுவேன். அடுத்த தடவை நழுவாது. அவன் எதையும் சந்தேகப்படவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷ வெயில் ஒரு மாதிரி வெயில். ஓட்டிக்கொண்டிருக்கும்போதே லாரி திக்கித் திக்கிப் போனது, பனி அந்தரத்தில் நின்று நின்று விழுந்தது. மேல் கார்டுக்குக் காய்ச்சல் என்று புரிந்தது. ஃபோனில் கேட்டால், நீ ஏன் இவ்வளவு நேரம் ஓட்டுற என்று மகன் கேட்டுவிடுவானோ என்று நானே வைத்தியம் பார்த்தேன். வீட்டுக்காரர் நைட் ஷிஃப்ட் வாரத்தில் எரிந்துபோன முகத்தோடு வருவார், கூலர் முன்னால் படுத்தால் எழும்போது வேறு ஆளாக இருப்பார். அவருக்கு ஒத்துக்கொள்வது இதற்கு ஒத்துக்கொள்ளாதா? கம்ப்யூட்டரின் பக்கத்துக் கதவைக் கழற்றி வைத்தேன். கூலரை உருட்டிக்கொண்டுவந்து நேர் எதிரே நிறுத்தினேன். தொட்டி நிறையத் தண்ணீர் ஊற்றி முழு வேகத்தில் வைத்தேன். ஈரத்துணி ஆகாது என்றுதானே சொன்னான், ஈரக்காற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சூடு இறங்கியது. லாரி வழுக்கிக்கொண்டு போனது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். கதவு திறந்தே கிடப்பதால் ஞாயிற்றுக்கிழமைக் குளியலையும் விட்டுவிட்டேன், அதுதான் நாள் முழுக்கக் காற்று வாங்குகிறதே என்று.

பரீட்சை முடிந்த சமயம் மகன் ஃபோன் செய்தான். விளையாட்டு செய்கிற ஒரு கம்பெனி அவனை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்கிறது. நேரில் போகவேண்டாம், கம்ப்யூட்டர் வழியாக முகம் பார்த்துப் பேசுவார்கள். பேசிக்கொண்டே அவன் எழுதிய டம்பர் விளையாட்டை அவர்கள் கண் முன்னால் ஓட்டிக்காட்ட வேண்டும். அவன் படித்த நாலு வருஷத்தில் கேட்டு வாங்க நினைத்த வேலை அது ஒன்றுதான் என்று எனக்குத் தெரியும். ஹாஸ்டல் லேப்டாப்புகளில் அது நகரவே நகராது, நம் வீட்டுக் கம்ப்யூட்டரை நம்பித்தான் சரி என்று சொல்லியிருக்கிறான். “நீ பார்த்துக்கற மெஷின்மா, எனக்கு என்ன பயம்” என்றான். வாரக் கடைசியில் கூடப் படிக்கும் நண்பனோடு வருகிறேன் என்று வைத்துவிட்டான்.

அவன் வருவதற்குள் ஒரு நல்ல குளியல் போட்டுவிடலாம் என்று பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிரஷ் கார்டின்மேல் பட்டது. ஒன்றும் உதிரவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தேன். சரக் சரக் என்று சுவரில் தேய்க்கிற சத்தம் வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால், தகட்டுச் சந்து முழுக்க வெளிர்சாம்பல் நிறத்தில் காரை பூசின மாதிரி கட்டியாக இருந்தது. நகத்தால் சுரண்டினேன், நகம்தான் மழுங்கியது.

அப்போதுதான் எனக்கு என் அண்ணன் ஞாபகம் வந்தது. குள்ளஞ்சாவடிப் பக்கம் அவர் சாம்பல் கல் போடுகிறார், அதாவது இதே மாதிரிச் சாம்பலை அச்சில் வார்த்து எடுக்கிற செங்கல். சூளை கிடையாது, நெருப்பு கிடையாது. வார்த்த கல்லுக்கு நாள் கணக்கில் தண்ணீர் காட்டுவார்கள், அவ்வளவுதான், இறுகிவிடும். அங்கே போகும்போதெல்லாம் ஹோஸைப் பிடித்துக்கொண்டு நான்கூடத் தண்ணீர் அடித்திருக்கிறேன். எங்கள் பிளாக் சுற்றுச்சுவருக்கே அந்தக் கல்தான் வந்தது. அப்படிப்பட்டவள் சாம்பல் பிடித்த கார்டின்மேல் தினமும் ஈரக்காற்றை அடித்து, ஹாலில் உட்கார்ந்து கல் அறுத்திருக்கிறேன். வேறு ஊர்க்காரி யாராவது செய்திருந்தால் தெரியாமல் செய்தாள் என்று சொல்லலாம்.

தேங்காய் நார், ஊக்கு, கொண்டை ஊசி என்று எல்லாவற்றையும் வைத்து நோண்டிப் பார்த்தேன். மேல் கார்டில் கொஞ்சம் உதிர்ந்தது. கூலருக்கு நேராக இருந்த கீழ்க் கார்டில் ஊசியை விட்டு நெம்பினபோது குட்டி ஃபேனின் இறக்கை ஒன்று முறிந்து கையோடு வந்தது. கதவை மூடி, திருகாணிகளைப் போட்டு, மேலே ஒரு பூத்துணியைப் போர்த்தி வைத்தேன். முறிந்த இறக்கையை அஞ்சறைப்பெட்டியில் வெந்தயத்துக்குள் போட்டேன். ஏன் அங்கே போட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

சனிக்கிழமை இருவரும் வந்தார்கள். மகனின் நண்பன் மதுரைப் பக்கத்துப் பையன், நல்ல மரியாதை, நல்ல பசி. வீட்டுக்காரருக்கும் அன்றைக்கு வாராந்திர ஓய்வு. மூன்று பேரையும் தரையில் உட்காரவைத்து மீன்குழம்பு பரிமாறிக்கொண்டிருந்தேன். முதலில் சாப்பிடட்டும், பிறகு சொல்லலாம் என்பது என் கணக்கு. அந்த நண்பன் இரண்டாவது தடவை சாதம் வாங்கிக்கொண்டு, மனசு குளிர்ந்துபோய் என்னைப் பார்த்தான்.

“ஆன்ட்டி, பனியில லாரி ஓட்டுறது கஷ்டமில்லையா? எனக்கெல்லாம் வளைவுல சறுக்கிருது.”

என் கையில் கரண்டி அப்படியே நின்றது. மகன் அவன் தொடையில் கிள்ளுவதைப் பார்த்தேன். அவனோ என்னைப் பாராட்டுவதாகவே நினைத்துக்கொண்டு மேலே போனான். விளையாடுகிறவர்கள் எல்லாரும் ஒருவர் விளையாடுவது ஒருவருக்குத் தெரிகிற மாதிரி ஒரு பட்டியல் ஓடுமாம். நான் ஓட்டியதெல்லாம் மகனின் பெயரில். அவன் வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதே அவன் பெயருக்கு நேராகப் பச்சை விளக்கு எரிந்து, லாரி ஓட்டுகிறார் என்று ஹாஸ்டல் பையன்கள் அத்தனை பேர் ஃபோனிலும் காட்டியிருக்கிறது. முதல் நாள் யாரோ அவன் பாஸ்வேர்டைத் திருடிவிட்டார்கள் என்று பதறி, பிறகு கண்டுபிடித்திருக்கிறார்கள்.

“அம்மா ஷிஃப்ட் ஏறிட்டாங்கடான்னு சொல்லுவோம் ஆன்ட்டி. ஒரு வாரம் காலையில எரியும், அடுத்த வாரம் எரியாது. அதை வச்சே அங்கிளுக்கு எந்த வாரம் எந்த ஷிஃப்ட்டுன்னு எங்க புளோர் முழுக்க மனப்பாடம்.”

நான் சுவர் மறைவில் செய்ததாக நினைத்ததை எல்லாம் ஒரு ஹாஸ்டலே உட்கார்ந்து பார்த்திருக்கிறது. வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே, நிதானமாக, தன் ஷிஃப்ட் வாரங்களை எண்ணிப் பார்க்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. பிறகு சொன்னார்.

“வூட்ல லைசென்ஸ் இல்லாத ஓட்டிக்கினு இருந்திருக்கா. நான் இன்னாடான்னா, பாவம், தொடைக்கிறாளேன்னு இருந்தேன்.”

மூவரும் சிரித்தார்கள். அதில் கோபம் எதுவும் இல்லை. கோபம் இருந்திருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது பேசியிருப்பேன். ரசம் எடுக்கிற சாக்கில் சமையலறைக்குப் போய், அஞ்சறைப்பெட்டியைத் திறந்து, வெந்தயத்துக்குள் விரலை விட்டு அந்த இறக்கையை எடுத்துக்கொண்டு வந்து மகனின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். இன்னும் இருக்குப்பா என்றேன்.

அவன் கை கழுவிவிட்டு வந்து பூத்துணியை எடுத்தான், கதவைக் கழற்றினான், டார்ச் அடித்தான். நண்பனின் சிரிப்பு நின்றுபோனது. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து விரலால் தட்டினார். கன்வேயரின் கீழே மழைக்காலத்தில் இறுகும் சாம்பலை உளியால் அடித்துத்தான் எடுப்போம் என்று சொல்ல வாயெடுத்து, மகன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். கூலர் வச்சேன் என்றேன் நான். மகன் கூலரைப் பார்த்தான், கம்ப்யூட்டரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “சூடா இருந்துச்சாம்மா?” என்று மட்டும் கேட்டான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்று சாயங்காலமும் மறுநாளும் இரண்டு பேரும் பல் தேய்க்கிற பிரஷ்ஷையும் மெல்லிய பிளேடையும் வைத்துக்கொண்டு போராடினார்கள். கீழ்க் கார்டு போனது போனதுதான். மேல் கார்டில் பாதிச் சந்துகள் திறந்தன. அதை மட்டும் மாட்டி டம்பரை ஓட்டிப் பார்த்தார்கள். ஓடியது. ஆனால் கொஞ்ச நேரத்தில் சூடேறி அப்படியே உறைந்து நின்றுவிட்டது. வெளியிலிருந்து காற்று அடித்துக்கொண்டே இருந்தால் நிற்காமல் ஓடியது. டேபிள் ஃபேனை வைத்தார்கள். அதன் இரைச்சலில் பேசுவது மறுமுனைக்குக் கேட்காது என்று நண்பன் பக்கத்து அறையிலிருந்து ஃபோனில் கேட்டுச் சொன்னான். கூரை விசிறியும் அப்படித்தான். சத்தமே போடாத காற்று வேண்டும்.

பரண்மேல் பனையோலை விசிறி கிடந்தது. கரண்ட் போகாத ஊரில் அதற்கு வேலையே இல்லை. எடுத்துத் தட்டிக்கொண்டு வந்தேன். நண்பன் தான் விசிறுவதாகச் சொன்னான். மேஜையின் அந்தப் பக்கத்து இடுக்கில் அவன் உடம்பு நுழையவில்லை. இன்டர்வியூ அன்று வீட்டுக்காரர் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் போய்விட்டார். நான் உட்காருகிறேன் என்றேன். உட்காரவேண்டியது நான்தான் என்றும் எனக்கிருந்தது.

மகன் இஸ்திரி போட்ட சட்டையில் நாற்காலியில் உட்கார்ந்தான். அவன் காலடியில், கேமராவுக்குத் தெரியாமல், பழைய நைட்டியோடு நான் மேஜைக்கடியில் குந்தியிருந்தேன். வியர்வை சொட்டிவிடக்கூடாது என்று தலையில் துண்டு கட்டியிருந்தேன். இன்டர்வியூ ஆரம்பித்தது. இரண்டு ஆண் குரல், ஒரு பெண் குரல். எல்லாம் இங்கிலீஷ். மகன் பேசப் பேச அவன் கால் ஆடுவது நின்றது, நன்றாகப் போகிறது என்று அதை வைத்தே தெரிந்துகொண்டேன். மேலே டம்பர் உறுமிக்கொண்டு சரிவில் இறங்கியது. நான் சீராக விசிறிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெண் குரல் ஏதோ கேட்டது. மகன் சிரித்துக்கொண்டே பதில் சொன்னான். அதில் மதர் என்று வந்தது. எவ்ரி டே என்று வந்தது. டிரைவர் என்று வந்தது. செகண்ட் ஸ்லோப் என்று வந்தபோது எனக்குப் புரிந்துவிட்டது, யார் இதை ஓட்டிப் பார்த்தார்கள் என்று கேட்டிருக்கிறார்கள், இவன் என்னைச் சொல்கிறான். அங்கே மூன்று பேரும் சிரித்தார்கள். எப்படிப்பட்ட சிரிப்பு என்று எனக்குத் தெரியாது, முகம் பார்க்கவில்லையே. ஹாஸ்டல் புளோர் சிரித்தது, என் வீட்டுக்காரர் சிரித்தார், இப்போது முகம் தெரியாத பெரிய மனிதர்கள் சிரிக்கிறார்கள். நான் மேஜைக்கடியில் முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. மேலே உறுமல் அறுந்து ஒரே சத்தமாக ஊ... என்று நின்றபோதுதான் என் கை நின்றுபோயிருந்ததே எனக்குத் தெரிந்தது.

திரை உறைந்துவிட்டது. அவர்கள் முகமும் போய்விட்டது. மகன் குனிந்து என்னைப் பார்த்தான். நான் விசிறியை வேகவேகமாக ஆட்டினேன். அணைத்துப் போட்டு, திரும்ப வருவதற்குள் அவர்கள் ஃபோனில் கூப்பிட்டு, பார்த்தவரை போதும், தகவல் சொல்கிறோம் என்றார்கள். தகவல் வரவில்லை.

கோர்ஸ் முடிந்து மகன் வீட்டுக்கு வந்தான். பால் பூத்தில், ரேஷனில், கோவிலில் எல்லாரும் கேட்டார்கள், பையன் என்ன பண்றான் என்று. பார்த்துக்கினு இருக்கான் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவேன். கார்டு பழசும்மா, அன்னிக்கு இல்லாட்டி இன்னொரு நாள் நின்னிருக்கும் என்று மகன் இரண்டு மூன்று தடவை சொன்னான். மேஜைக்கடியில் நான் விசிறாமல் விட்டது அவனுக்குத் தெரியாது என்று அதைப் பிடித்துக்கொண்டு நாளை ஓட்டினேன். கம்ப்யூட்டர் பக்கம் நான் போகவில்லை. கூலரைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்திருந்தேன்.

மழைக்காலம் தொடங்குகிறபோது வேறொரு சின்னக் கம்பெனி கூப்பிட்டது. அதே மாதிரி முகம் பார்த்துப் பேசுவது, அதே டம்பர். வெயில் இல்லை என்றாலும் ஒற்றைக் கார்டை நம்ப முடியாது. அன்று காலை மகன் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே விசிறியை என்னிடம் நீட்டினான்.

“இந்தத் தடவ நான் என்ன சொன்னாலும் நிறுத்தாதம்மா.”

எல்லாம் தெரிந்துதான் இத்தனை நாள் கார்டு பழசு என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். அப்ப என்னைப் பத்திச் சொல்லாத என்றேன். அவங்க கேட்டா சொல்லுவேன், ஓட்டிப் பார்த்தது நீ தானே என்றான். மேலே பேச நேரமில்லை. மேஜைக்கடியில் போய்க் குந்தினேன்.

கேட்டார்கள். சொன்னான். மதர் வந்தது, எவ்ரி டே வந்தது, ஸ்லோப் வந்தது. சிரிப்பும் வந்தது. காது மடல் எரிந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன், கையை மட்டும் நிறுத்தவில்லை. தோள்பட்டை கழன்றுவிடும் போல ஆனபிறகும் நிறுத்தவில்லை. அவர்கள் போய்விட்டார்கள், போதும்மா என்று மகன் என் மணிக்கட்டைப் பிடித்தபோதுதான் நிறுத்தினேன். டம்பர் கடைசி வரை உறையவில்லை. மாசம் முடிவதற்குள் அவனை எடுத்துக்கொண்டதாக ஃபோன் வந்தது.

வீட்டுக்காரர் இனிப்பு வாங்கி பிளாக் முழுக்கக் கொடுத்தார். கொடுத்த இடத்திலெல்லாம் கதையையும் சேர்த்தே கொடுத்திருக்கிறார், பனி, லாரி, கூலர், மேஜைக்கடி எதையும் விடாமல். மறுநாள் மாடி வீட்டு அக்கா ஒரு புது ஜாக்கெட் துணியோடு இறங்கி வந்தார். துணியை என் மடியில் போட்டுவிட்டு, முன்பு நான் தைத்துக் கொடுத்த பட்டு ஜாக்கெட்டையும் விரித்து, முதுகில் இருந்த கோடுகளை விரலால் ஒவ்வொன்றாகத் தடவினார்.

“ஏம்மா, இது எந்த ஊர் ரோடு? இந்தத் தடவ வளைவு இல்லாத ரோடாப் பார்த்துத் தையி. எனக்கு முதுகு பிடிச்சுக்குது.”

நான் தலையை நிமிர்த்தாமல் டேப்பை எடுத்து அக்காவின் தோளை அளக்க ஆரம்பித்தேன். அளவு மனதில் நிற்கவில்லை. இரண்டாவது தடவை அளந்தேன்.